வீட்டுக் கணினியை ஆராய்ச்சிக்குக் கொடுக்க எந்த மென்பொருள்: பாயிங்க்கா, ஃபோல்டிங்@ஹோமா?

2025 மே 4, இரவு 9.10 (கேள்வி)

வீட்டில் இரண்டு கணினி. மேசைக் கணினியில் ஆறு கோர், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. மாலை 6 முதல் 11 வரை ஓடும். லேப்டாப்பில் நாலு கோர், எட்டு த்ரெட், 8 ஜிபி ராம். பகல் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும். இரண்டிலும் விண்டோஸ். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஆசை. செட்டி@ஹோம்தான் நல்லது என்று ஒரு பழைய பதிவில் படித்து நிறுவினேன், வேலை எதுவும் வரவில்லை. எதை நிறுவுவது?

மே 4, இரவு 10.25 (பதில்)

செட்டி@ஹோம், வேற்றுலக உயிர்களின் ரேடியோ சைகையைத் தேடும் திட்டம், 1999 மே 17 அன்று பெர்க்லியில் தொடங்கியது. 2020 மார்ச் 31-உடன் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்த தரவை அலசும் பக்கம் போய்விட்டார்கள், உங்கள் கணினிக்கு அங்கே வேலை இல்லை. அதைப் பரிந்துரைக்கும் பதிவு எல்லாமே பழசு.

நீங்கள் நிறுவியது வீண் போகவில்லை. செட்டிக்காக எழுதப்பட்ட பாயிங்க் என்ற மென்பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. அது ஒரு சட்டி மாதிரி, உள்ளே எந்தத் திட்டத்தை வேண்டுமானாலும் போட்டுச் சமைக்கலாம். ஃபோல்டிங்@ஹோம் தனிக் கட்சி. 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது, இப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கிறது. புரதம் எப்படி மடிகிறது, எப்படி அசைகிறது என்ற ஒரே கேள்வியைத்தான் அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே மென்பொருளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எந்த ஆராய்ச்சி, எந்தக் கணினி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்தால் மென்பொருள் தானே வந்து நிற்கும். உங்களுக்கு என் பரிந்துரை: லேப்டாப்பில் பாயிங்க் போட்டு வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட், மேசைக் கணினியின் 1650-இல் ஃபோல்டிங்@ஹோம்.

மே 5, காலை 6.50

லேப்டாப்புக்கு ஏன் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 2004-இல் ஐபிஎம் தொடங்கியது, 2021-இல் டொராண்டோவின் கிரெம்பில் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கைமாறியது. அதில் மேப்பிங் கேன்சர் மார்க்கர்ஸ் என்று ஒரு திட்டம் 2013 முதல் நடக்கிறது. நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் மரபணுச் சேர்க்கைகளைத் திசு மாதிரித் தரவில் தேடுகிறது. நீங்கள் கேட்டதும் அதுதான். கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை, ராமும் அதிகம் தின்னாது, 8 ஜிபி லேப்டாப்புக்குப் பொருந்தும்.

ஒரு குறை உண்டு. அங்கே சர்வர் பக்கம் நிலையாக இருப்பதில்லை. 2022-இல் இடம் மாறியபோது மாதக்கணக்கில் வேலையே வரவில்லை. அதனால் மாற்றுத் திட்டம் ஒன்றைக் கூடவே சேர்த்து வையுங்கள். வேகமாகச் சுழலும் பல்சார் என்ற நட்சத்திரங்களைத் தேடும் ஐன்ஸ்டைன்@ஹோமில் கணக்குத் தொடங்கி, அந்தத் தளத்தின் பிரிஃபரன்சஸ் பக்கத்தில் ரிசோர்ஸ் ஷேர் என்ற இடத்தில் 100-ஐ அழித்து 0 போடுங்கள். 0 போட்டால் முதல் திட்டத்தில் வேலை இல்லாதபோது மட்டும் ஒவ்வொரு டாஸ்க்காக (வேலைத் துண்டாக) இதிலிருந்து எடுக்கும். 1, 2 என்று சின்ன எண் போடுவதும் 0 போடுவதும் ஒன்றல்ல. சின்ன எண் போட்டால் எப்போதும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

மே 5, இரவு 8.30

லேப்டாப்பில் பாயிங்க் நிறுவியதும் மாற்ற வேண்டியவை. வியூ மெனுவில் அட்வான்ஸ்டு வியூவுக்கு மாறுங்கள், ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸைத் திறங்கள்.

சிபியு எண்ணிக்கையை 50 சதம் ஆக்குங்கள். எட்டு த்ரெட்டில், அதாவது சிப் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய எட்டு வேலைத் தடங்களில், நாலு டாஸ்க் ஓடும். அதற்குக் கீழேயே சிபியு டைம் என்று இன்னொரு சதவீதம் இருக்கும், அதை 100-லேயே விடுங்கள். சூட்டைக் குறைக்கிறேன் என்று பலர் இரண்டாவதைத்தான் 50 ஆக்குகிறார்கள். அப்போது பாயிங்க் டாஸ்க்கைச் சில நொடி ஓட்டிச் சில நொடி நிறுத்தும். சிப்பின் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், விசிறியும் உறுமி அடங்கி உறுமும். குறைந்த கோரை நிதானமாக ஓட்டுவதே லேப்டாப்புக்கு நல்லது.

நிறுத்தி வைத்திருக்கும் நேரத்திலும் டாஸ்க்கை மெமரியில் வைத்திரு என்ற தேர்வை டிக் செய்யுங்கள். டிக் இல்லாவிட்டால், நீங்கள் மவுஸைத் தொட்டு டாஸ்க் நிற்கும் ஒவ்வொரு முறையும் கடைசி செக்பாயிண்டுக்குப் பின் (டாஸ்க் தன் வேலையை வட்டில் கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பின்) செய்த வேலை போய்விடும். கூடவே வேறு நிரல்கள் சிபியுவில் 25 சதத்துக்கு மேல் எடுத்தால் நிறுத்து என்று ஒரு விதி நிறுவும்போதே போட்டிருக்கும். "அடிக்கடி தானே நின்றுவிடுகிறது" என்று வரும் புகாரில் பாதி இந்த விதியால்தான். பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே 25 தாண்டும். 60 ஆக்கலாம், 0 போட்டு விதியையே எடுத்தும் விடலாம். பாயிங்க் டாஸ்க் கடைசி முன்னுரிமையில்தான் ஓடும், உங்கள் வேலைக்கு வழிவிடும்.

சேமித்து வைக்கும் வேலை அளவு 0.1 நாள், கூடுதல் 0.5 நாள். அதை அப்படியே விடுங்கள். 5, 10 என்று ஏற்றி வேலையைக் குவித்துக்கொண்டு கெடு தாண்டி அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை. கெடு தாண்டினால் அதே வேலை வேறொரு கணினிக்குப் போய்விடும்.

மே 6, மதியம் 1.15

மே 4-இல் மேசைக் கணினிக்கு ஃபோல்டிங்@ஹோம் என்று எழுதினேன். நாளுக்கு ஐந்து மணி நேரம்தான் ஓடும் என்பதை அப்போது சரியாக எடைபோடவில்லை. அந்தப் பரிந்துரையை மாற்ற வேண்டியிருக்கும் போல.

ஃபோல்டிங்@ஹோமில் ஒரு ஒர்க் யூனிட்டுக்கு, அதாவது ஒரு முறை இறங்கும் வேலைத் துண்டுக்கு, இரண்டு கால எல்லை உண்டு. முதலாவது டைம்அவுட். அது தாண்டினால் அதே யூனிட்டை வேறொருவருக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது எக்ஸ்பிரேஷன். அதுவும் தாண்டினால் உங்கள் முடிவைக் குப்பையில்தான் போட வேண்டும். ஒரு சிமுலேஷனின் அடுத்த துண்டு முந்தைய துண்டின் முடிவிலிருந்துதான் பிறக்கிறது. நீங்கள் தாமதித்தால் அந்தச் சங்கிலியே அங்கே காத்து நிற்கும். இந்த அவசரம் பாயிங்க் திட்டங்கள் பலவற்றில் இல்லை.

உங்கள் கார்டு தாங்குமா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். லாகை (நடப்பதை எழுதிக்கொண்டே போகும் பதிவை) திறந்தால் இத்தனை ஸ்டெப்பில் இத்தனை முடிந்தது, 1 சதம், 2 சதம் என்று வரி வரியாக விழும், ஒவ்வொரு வரியின் முன்னாலும் நேரம் இருக்கும். இரண்டு சதத்துக்கு நடுவே உள்ள நேரத்தை எடுத்து நூறால் பெருக்குங்கள். 5 நிமிடம் 20 நொடி என்றால் 320 நொடி, மொத்தம் 32,000 நொடி, அதாவது 8 மணி 53 நிமிடம். 24 மணி நேரமும் ஓடும் கணினிக்கு இது ஒரு இரவு வேலை. உங்களுக்கோ முதல் நாள் 5 மணி, மறுநாள் மீதி. மே 6 மாலை 6-க்கு எடுத்தது மே 7 இரவு 10 வாக்கில் முடியும். 28 மணி நேரம். டைம்அவுட் ஒரு நாள் என்றால் தவறிப்போச்சு, இரண்டு நாள் என்றால் பிழைத்தது.

யூனிட்டுக்கு யூனிட் இது மாறும். இரண்டு மூன்று யூனிட் ஓட்டிப் பாருங்கள். தவறுகிறது என்றால் 1650-ஐயும் ஐன்ஸ்டைன்@ஹோமுக்குக் கொடுங்கள். அங்கே கெடு பொதுவாக இரண்டு வாரம், ஐந்து மணி நேரக் கணினிக்கு அது போதும். புற்றுநோய் இல்லையே என்பீர்கள். உண்மைதான். மேசைக் கணினியின் சிபியுவை வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டுக்கும் கார்டை மட்டும் ஐன்ஸ்டைனுக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

மே 6, இரவு 11.05

புள்ளி எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இரண்டு மென்பொருளிலும் புள்ளிக்குப் பொருள் வேறு. பாயிங்க்கில் நொடிக்கு நூறு கோடி மிதவைப்புள்ளிக் கணக்கு போடும் கணினி ஒரு நாள் முழுக்க உழைத்தால் 200 புள்ளி. அது செய்த வேலையின் அளவு. ஃபோல்டிங்@ஹோமில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. பாஸ்கீ (உங்களை அடையாளம் காட்டும் ரகசியக் குறி) வாங்கிப் போட்டு, பத்து யூனிட் ஒழுங்காக முடித்து, வெற்றி விகிதம் 80 சதத்துக்குக் கீழே போகாமல் வைத்திருந்தால் போனஸ் வரும். போனஸ் நேரத்தின் வர்க்கமூலத்தில் நடக்கிறது. நாலில் ஒரு பங்கு நேரத்தில் திருப்பினால் இரட்டிப்பு. டைம்அவுட் தாண்டினால் அடிப்படைப் புள்ளி மட்டும். ஆக, இரண்டின் புள்ளியையும் ஒப்பிட்டு எது மேல் என்று முடிவு கட்ட முடியாது.

மே 8, காலை 7.20

மின்கட்டணம். 1650 கார்டின் உச்ச இழுவை 75 வாட். அதற்கு ஊட்டும் சிபியு த்ரெட், பவர் சப்ளையின் இழப்பு எல்லாம் சேர்த்துச் சுவரில் 100 வாட் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து மணி நேரம் வீதம் 60 நாளைக்கு 30 யூனிட். 24 மணி நேரமும் ஓட்டினால் 144 யூனிட்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே கணக்கெடுப்பு. 500 யூனிட் எல்லையைக் கவனியுங்கள். அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரை இருந்த குறைந்த விலையும் போய்விடும். வழக்கமாக 380 வருகிற வீட்டில் 30 கூடினால் பெரிதாகத் தெரியாது. 480 வருகிற வீட்டில் அதே 30 உறைக்கும். போன அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மணி நேரத்தை முடிவு செய்யுங்கள்.

மே 8, இரவு 9.45

காலையில் எழுதிய கணக்கில் ஏசியை விட்டுவிட்டேன். கணினி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது. ஏசி ஓடும் அறை என்றால் அந்த 100 வாட் சூட்டை வெளியே தள்ள ஏசி இன்னும் 30 வாட் இழுக்கும். ஏசி இல்லாத அறை என்றால் மே மாத மாலையில் அந்தச் சூடு உங்கள் தலைமேல். கோடையில் இரவு 11-க்குப் பின் ஓட்டலாம், பாயிங்க்கில் டெய்லி ஷெட்யூல் இருக்கிறது. கார்டின் இழுவையையும் குறைக்கலாம். கொஞ்சம் வேகம் போகும், ஆனால் வாட் குறைகிற அளவுக்கு வேகம் குறையாது. என்விடியாவின் கட்டளையில் பவர் லிமிட் வைத்தால் கணினியை மறுபடி தொடங்கும்போது பழைய அளவுக்குத் திரும்பிவிடும், ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டும்.

லேப்டாப்பில் இன்னும் எளிது. விண்டோஸ் பவர் பிளானில் அதிகபட்ச பிராசசர் நிலையை 100-இலிருந்து 99 ஆக்குங்கள். டர்போ (சிப் தானாக வேகத்தைக் கூட்டும் வசதி) அணைந்துவிடும், வெப்பம் சட்டென்று இறங்கும். ஒரே ஒரு சதம்தானே என்று நினைக்க வேண்டாம், செய்து பார்த்தால் தெரியும். சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப் என்பதால் பேட்டரி சார்ஜை 80-இல் நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் வையுங்கள். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் பேட்டரி உப்பும்.

மே 10, மாலை 4.00

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஃபோல்டிங்@ஹோமில் கார்டுக்கு வேலை வரவில்லையாம், சிபியு மட்டும் ஓடுகிறதாம். பதிப்பு 8-இல் பழையபடி தனிக் கட்டுப்பாட்டு நிரல் கிடையாது, பிரவுசரில்தான் எல்லாம். செட்டிங்ஸுக்குள் கார்டு டிக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிக் இருந்தும் வரவில்லை என்றால் டிரைவர். விண்டோஸ் தானாகப் போட்டுத் தரும் டிரைவரை நம்பாமல் என்விடியா தளத்திலிருந்து எடுத்துச் சுத்தமாக நிறுவுங்கள்.

பாயிங்க்கிலும் இதே புகார் வரும், அங்கே காரணம் வேறு. நிறுவும்போது சர்வீஸாக நிறுவு என்று தேர்ந்திருந்தால் விண்டோஸில் கார்டைத் தொடவே முடியாது. கழற்றிவிட்டு அந்த டிக் இல்லாமல் மறுபடி நிறுவ வேண்டும். லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் பாயிங்க் என்ற பயனரை வீடியோ, ரெண்டர் குழுக்களில் சேர்த்தார்களா என்று பார்க்கவும்.

இரண்டு மென்பொருளையும் ஒரே கணினியில் வைக்கலாமா? வைக்கலாம். ஒரே கார்டை இரண்டிடமும் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கார்டு ஃபோல்டிங்@ஹோமுக்கு என்றால் அதற்கு ஊட்ட ஒரு சிபியு த்ரெட்டைக் காலியாக விட்டுப் பாயிங்க்கின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எல்லா த்ரெட்டையும் பாயிங்க் எடுத்துக்கொண்டால் கார்டு பட்டினி கிடக்கும், முன்பு எழுதிய 5 நிமிடம் 20 நொடி 8 நிமிடம் ஆகும்.

மே 10, மாலை 4.20

ஃபோல்டிங்@ஹோமை நிறுத்தும்போது, கழற்றும்போது ஃபினிஷ் என்ற பொத்தானை அழுத்துங்கள். கையில் இருக்கும் யூனிட்டை முடித்து அனுப்பிவிட்டு நிற்கும். பாதியில் கழற்றினால் அந்த யூனிட் டைம்அவுட் வரை யாருக்கும் போகாமல் கிடக்கும். பாயிங்க்கில் இதற்குச் சமம் நோ நியூ டாஸ்க்ஸ்.

மே 13, இரவு 10.10

மின்வெட்டு பற்றி. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். உங்கள் கணினிக்கு அது போதும், ஆனால் முழுச் சுமையில் நிமிடக் கணக்கில்தான் நிற்கும். பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்ற விதி பாயிங்க்கில் இருக்கிறது, ஆனால் யூபிஎஸ்ஸைச் சுவருக்கும் கணினிக்கும் நடுவே வெறுமனே வைத்திருந்தால் கணினிக்கு மின்வெட்டே தெரியாது. யுஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் என்றால் இணைத்து விடுங்கள், விண்டோஸ் அதைப் பேட்டரியாக எடுத்துக்கொள்ளும்.

கணினியை நிறுத்துமுன் பார்க்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. டாஸ்க்ஸ் பக்கத்தில் ஓடும் டாஸ்க்கைத் தேர்ந்து பிராபர்ட்டீஸ் அழுத்துங்கள். மொத்த சிபியு நேரத்தின் கீழே செக்பாயிண்டுக்குப் பின் சென்ற சிபியு நேரம் என்று ஒரு வரி. அது 00:00:40 என்றால் இப்போது நிறுத்தினால் 40 நொடிதான் நட்டம். 01:50:00 என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர மின்சாரம் போச்சு. எந்தத் திட்டம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் செக்பாயிண்ட் நெருக்கமாக வைக்கும் திட்டம்தான் சரி.

இதனால்தான் கிளைமேட்பிரடிக்‌ஷன்.நெட்டை உங்களுக்குச் சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் நல்ல திட்டம், ஆனால் டாஸ்க் நாள்கணக்கில் ஓடும், திடீரென்று அணைந்தால் பிழையில் முடிகிற டாஸ்க்குகள் உண்டு. ரொசெட்டா@ஹோமும் புரதம் பற்றியதுதான். 2024-இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் பிறந்தது. ஆனால் வேலை விட்டு விட்டுத்தான் வரும், டாஸ்க்குக்கு ஒரு ஜிபிக்கு மேல் ராம் கேட்கும். நாலு டாஸ்க் ஓடினால் 8 ஜிபி லேப்டாப் திணறும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் எல்எச்சி@ஹோமில் பல வேலைக்குக் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் வேண்டும், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும். முதல் முறை நிறுவுகிறவர் அதில் போய் மாட்ட வேண்டாம்.

மே 17, காலை 8.00

பிழை என்று வரும் டாஸ்க்குகள். சிலருக்கு ஆரம்பித்த சில நொடியிலேயே கம்ப்யூடேஷன் எரர் விழுகிறது. ஆன்டிவைரஸ் பாயிங்க்கின் நிரலைப் பிடித்து ஒதுக்கியிருக்கும். புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் பாயிங்க் கோப்புறைக்கு விலக்குக் கொடுங்கள். அதே காரணத்தால், முன்பின் தெரியாத திட்டத்தின் முகவரியைப் பாயிங்க்கில் சேர்க்காதீர்கள். அது அனுப்பும் நிரல் உங்கள் கணினியில் ஓடப்போகிறது. பாயிங்க் தளத்தின் பட்டியலில் இருப்பதோடு நில்லுங்கள்.

இதைவிட மோசம், பிழை எதுவும் காட்டாமல் முடிந்து, சர்வரில் இன்வேலிட் என்று விழுவது. பல திட்டங்கள் ஒரே வேலையை இரண்டு கணினிக்கு அனுப்பி விடையை ஒப்பிடும். ஒத்துப்போனால் வேலிட். ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது கணினிக்குப் போகும். உங்கள் கணக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை அந்த இன்வேலிட் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்து நாளில் ஒன்று விழுந்தால் விடலாம். அடிக்கடி விழுந்தால் கார்டின் மெமரியை நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கைக் கழற்றுங்கள். கேம் ஒழுங்காக ஓடுகிறதே என்று சொல்லாதீர்கள். கேமில் ஒரு பிக்சல் தப்பினால் அடுத்த ஃபிரேமில் மறைந்துவிடும், இங்கே அந்தத் தப்பு விடைவரை போகும்.

மே 17, காலை 8.40

விடையைச் சரிபார்ப்பது பற்றிப் பேசும்போது கிம்ப்ஸ் நினைவுக்கு வருகிறது, தலைப்புக்குச் சற்று வெளியே. 1996 முதல் மெர்சென் பகா எண்களை (இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்களை) தேடும் திட்டம். 2024 அக்டோபரில் அறிவித்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கம். முன்பெல்லாம் ஒவ்வொரு சோதனையையும் வேறொருவர் முழுக்க மறுபடி செய்ய வேண்டும். 2020-க்குப் பின் சோதனையோடு ஒரு சான்றுக் கோப்பும் போகிறது, அதைச் சரிபார்க்கச் சிறு நேரம் போதும். உழைப்பில் பாதி மிச்சம். அதன் மென்பொருளான பிரைம்95-ஐ, பாயிங்க்கில் சேருமுன் கணினி நிலையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு இரவு ஓட்டலாம். ஒரு பிழை காட்டினாலும் ராமையோ கிளாக்கையோ சரிசெய்த பிறகு ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்.

மே 21, இரவு 9.30

"நம் வீட்டு 1650-இல் என்ன ஆகிவிடப் போகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2010 ஆகஸ்டில் ஐன்ஸ்டைன்@ஹோம் தன் முதல் பல்சாரை அறிவித்தது, பெயர் ஜே2007+2722, நொடிக்கு 41 சுற்று. அரெசிபோ தொலைநோக்கியின் தரவிலிருந்து அதைப் பிடித்த கணினிகள் இரண்டு, ஒன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், இன்னொன்று ஜெர்மனியில். அமெரிக்காவில் இருந்தது ஒரு தம்பதியின் கணினி. ஃபோல்டிங்@ஹோமில் கோவிட் வைரஸின் புரதங்களை எல்லோருமாகச் சேர்ந்து மொத்தம் 0.1 நொடி அளவுக்குச் சிமுலேட் செய்தார்கள். 0.1 நொடி சின்னதாகத் தெரியும். புரத அசைவின் கணக்கில் அது மிகப் பெரிது. அதில்தான் ஸ்பைக் புரதம் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது தெரியவந்தது.

மே 24, இரவு 10.50

கேட்டவர் லாக் அனுப்பியிருக்கிறார். மூன்று யூனிட்டில் இரண்டு டைம்அவுட் தாண்டியிருக்கிறது. அப்படியானால் மே 6-இல் சொன்னபடி மாற்றிவிடுங்கள். ஃபோல்டிங்@ஹோமில் ஃபினிஷ் அழுத்தி, நடப்பு யூனிட் போனபின் கழற்றுங்கள். மேசைக் கணினியிலும் பாயிங்க் போட்டுக் கார்டை ஐன்ஸ்டைனுக்குக் கொடுங்கள். மீர்கேட் தொலைநோக்கித் தரவில் பல்சார் தேடும் வேலைக்கு உங்கள் 4 ஜிபி கார்டு தாராளம். ஒரு திருத்தம்: மேசைக் கணினிக்கு வேறு பிரிஃபரன்சஸ் வேண்டுமல்லவா, ஐன்ஸ்டைன் தளத்தில் அதை ஹோம் என்ற இடத்தில் வைத்து அதற்கு மட்டும் ரிசோர்ஸ் ஷேர் 100 கொடுங்கள். லேப்டாப்புக்குப் போட்ட 0 இதற்கும் வந்துவிட்டால், ஒரு டாஸ்க் முடிந்து அடுத்தது இறங்கும்வரை கார்டு சும்மா நிற்கும்.